மணலில் நிமிர்ந்த முதுகு

தமன்ஹூர்,
செப்டம்பர் 4, வெள்ளி, ஜும்ஆ தொழுகைக்குப் பின்.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் டாக்டர் ருஷ்தி அவர்களுக்கு,

தங்கள் தங்கை இன்ஸாஃபின் கணவன் ஷஹாத்தா நின்றுகொண்டு எழுதும் கடிதம். அலெக்சாந்திரியாவில் தாங்களும் வீட்டாரும் நல்ல சுகத்தோடிருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். தங்கள் கையால் குணமடைகிறவர்களின் கூட்டம் நாளுக்கு நாள் பெருகட்டும். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம். முதல் வரியில் ‘நின்றுகொண்டு’ என்று எழுதியதைத் தாங்கள் வேலை அவசரத்தில் தாண்டிப் போயிருக்கலாம் என்பதால் இன்னொரு முறை எழுதுகிறேன். நின்றுகொண்டு எழுதுகிறேன். ஃபிரிட்ஜின் தலையில் காகிதத்தை வைத்து, எதிலும் சாயாமல், யாரும் பிடிக்காமல்.

இத்துடன் ரபாபின் கல்யாண அழைப்பிதழ் இருக்கிறது. வரும் வியாழக்கிழமை. மாப்பிள்ளை ஸமீஹுக்குக் குவைத்தில் கொடுத்த விடுப்பு அதற்கு மேல் நீளாது, ஆகவே தேதியை என் முதுகைக் கேட்டு மாற்ற வழியில்லை. மண்டபத்தின் மாடியிலிருந்து மகளைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்து, கீழே நிற்கும் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்கப்போவது அவளைப் பெற்ற நானேதான். தாங்கள் சாம்பல் நிற சூட்டைச் சலவைக்குப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். போட்டது போட்டபடி இருக்கட்டும். முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதற்கும் அது பொருத்தமான சூட்டுதான்.

சீர் சாமான் இறக்கிய அன்று நடந்ததைத் தாங்களும் பார்த்தீர்கள், ஆனால் மேலேயிருந்து பார்த்தீர்கள். நான் கீழேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ரயில்வே பார்சல் ஆபீசில் இருபத்தாறு வருஷம் எழுத்தராக இருந்தவன் நான், அந்த இருபத்தாறு வருஷத்தில் நான் தூக்கிய மிகப் பெரிய பாரம் ரப்பர் முத்திரைதான் என்றாலும் மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தினமும் பாடம் எடுக்கத் தவறியதில்லை, முட்டியை மடக்கு, முதுகை வளைக்காதே, மூச்சைப் பிடி என்று, அவர்களும் ‘சரிங்க உஸ்தாத்’ என்று சொல்லிவிட்டுத் தங்கள் இஷ்டப்படி தூக்குவார்கள், அவர்களில் ஒருவருக்கும் இன்றுவரை முதுகு வலித்ததாகத் தெரியவில்லை. சீர் சாமான் ஏற்றிப் போன அன்று மூன்று பிக்கப் வண்டி, மேளம், தெரு முழுக்கப் பால்கனியில் நின்று என்னென்ன போகிறது என்று விரல் மடக்கிய பெண்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அடுப்பு, சலவை இயந்திரம், மெத்தை எல்லாம் மாப்பிள்ளை வீட்டு நாலாவது மாடிக்கு ஏறிவிட்டன. பாக்கி நீஷ் ஒன்றுதான். பெண் வீட்டார் கொடுக்கிற அந்தக் கண்ணாடி அலமாரி இல்லாமல் தமன்ஹூரில் யாருக்கும் கல்யாணம் ஆனதில்லை, அதற்குள் அடுக்கும் பீங்கானில் யாரும் சாப்பிட்டதும் இல்லை. தூக்க வந்த இரண்டு பேரும் மூன்றாவது மாடித் திருப்பத்தில் அதைச் சுவரோடு சாய்த்துவிட்டு டீ கேட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் ஹஜ்ஜா நபவிய்யா மேலே கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, “கண்ணாடி பத்திரம்பா. அபூ ரபாபைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க, பாவம், வயசான மனுஷன்” என்றார். அபூ ரபாப், அதாவது ரபாபின் தகப்பனாகிய எனக்கு ஐம்பத்தெட்டு. ஹஜ்ஜாவுக்கு அறுபத்திரண்டு.

நான் முட்டியை மடக்கினேன். முதுகை வளைக்கவில்லை. மூச்சைப் பிடித்தேன். இருபத்தாறு வருஷம் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் செய்தேன். இடுப்புக்குச் சற்று மேலே யாரோ வெந்நீர் ஊற்றியது போல இருந்தது, அடுத்த நிமிஷம் நான் படிக்கட்டில் நாலு காலில் நின்றேன். நீஷ் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. “அல்ஹம்துலில்லாஹ், கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலே” என்று மேலேயிருந்து எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

அப்போதுதான் தாங்கள் இறங்கி வந்து, என் முதுகை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, “தசை பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். மாத்திரை தர்றேன், சாப்பிட்ட பிறகு காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஆனா இனிமே இவரு ஒரு முட்டைகோஸைக்கூடத் தூக்கக் கூடாது” என்றீர்கள், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் காதிலும் விழும்படி. மச்சான், வைத்தியம் சரி. முட்டைகோஸ் எதற்கு? மூன்று மாடிப் படிக்கட்டும் சிரித்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது, நாலு காலில் நிற்கிறவனுக்கு அது சீக்கிரமாகவே ஏறும். “உங்க மாத்திரையில ஒண்ணு என் தொண்டையில இறங்கினா இன்ஸாஃப் எனக்குத் தலாக்” என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் தக்காளி பேரத்துக்கே தலாக் வைத்துச் சத்தியம் செய்கிற ஆண்கள்தான் அதிகம், நானும் கசாப்புக் கடையில் இரண்டொரு தடவை சொன்னவன்தான், ஆனால் ஒரு படிக்கட்டு நிறைய சாட்சிகளை வைத்துக்கொண்டு சொன்னது அதுவே முதல் தடவை. இன்ஸாஃப் கையிலிருந்த தலையணை மூட்டையைக் கீழே வைக்காமலே, “சாமான் இறக்க வந்த இடத்துல என்னை எதுக்கு இறக்குறீங்க? இருபத்தொம்பது வருஷம் குடும்பம் நடத்தினவ, ஒரு மாத்திரை அளவுகூடப் பெற மாட்டேனா நான்?” என்று கேட்டாள். தாங்கள் கொடுத்த மாத்திரை அட்டைகளை அவள்தான் வாங்கி முக்காட்டு நுனியில் முடிந்துகொண்டாள். அதன்பின் அவற்றை நான் கண்ணால் பார்க்கவில்லை.

அன்று தொடங்கியது இயற்கை வைத்தியம். முதலில் மூலிகைக் கடை மெத்வல்லி. அவரே வீட்டுக்கு வந்து, ஒரு ஜாடியில் பாதி அளவு தீக்கோழிக் கொழுப்பைக் கட்டிலருகே வைத்தார். “தீக்கோழி என்ன ஓட்டம் ஓடுது, பாத்திருக்கீங்களாண்ணே? முதுகு வலிச்சா அது அப்படி ஓடுமா?” என்றார். நான் தீக்கோழியையே பார்த்ததில்லை என்றேன். “நானும்தான் பாத்ததில்லே” என்றார். ஜாடி ஏன் பாதிதான் இருக்கிறது என்று கேட்டதற்கு, “மீதி அலெக்சாந்திரியாவுக்குப் போயிருச்சுண்ணே, ஒரு பெரிய இடத்துக்கு. பேரு சொல்லக் கூடாது” என்றார். அதை ஐந்து நாள் தேய்த்தேன். வலி போகவில்லை, வீட்டுக்கு வருகிறவர்கள் போனார்கள். தெருப்பூனைகள் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து, நான் எப்போது கைவிடப்படுவேன் என்று காத்திருந்தன.

பிறகு முட்டைகோஸ். ஆமாம், முட்டைகோஸ்தான், சிரிக்காதீர்கள். இலையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, பூண்டு நசுக்கி, ஆலிவ் எண்ணெய் தடவி முதுகில் அடுக்கி, மேலே கம்பளித் துணியைச் சுற்றிக் கட்ட வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். இன்ஸாஃப் ஒரு பெரிய முட்டைகோஸை வாங்கி வந்து அப்படியே செய்தாள். நான் கவிழ்ந்து படுத்து வெந்துகொண்டிருந்த அந்த நேரம் பார்த்து ஹஜ்ஜா நபவிய்யா நலம் விசாரிக்க வந்துவிட்டார். வாசலில் நின்று மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். வெந்த முட்டைகோஸ், பூண்டு, எண்ணெய் எல்லாம் சேர்ந்தால் நம்மில் யாருக்கும் அது மஹ்ஷிதான், அரிசி வைத்துச் சுருட்டி அடுப்பில் ஏற்றிய மஹ்ஷிதான். “அடடே, சாப்பாட்டு நேரத்துல வந்துட்டேனே” என்று சொல்லிக்கொண்டே காலணியைக் கழற்றி உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஒரு மணி நேரம் போயிற்று. “சாவகாசமா வேகட்டும், எனக்கு அவசரமில்லே” என்றார். இரண்டு மணி நேரம் போயிற்று. மகளின் மாமியாராகப் போகிறவரிடம், நீங்கள் காத்திருக்கும் மஹ்ஷி சம்பந்தியின் முதுகில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? இன்ஸாஃப் சமையலறைக்கும் என் அறைக்கும் நாலைந்து தடவை நடந்தாள். கடைசியில் என் காதோரம் குனிந்து, “உள்ளடுக்கு இலை நல்லாத்தான் இருக்கு, எடுத்து அரிசி வெச்சுச் சுருட்டிரவா?” என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஹஜ்ஜா வெறும் டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். அந்தக் கோபத்திலோ என்னவோ, போகிற போக்கில், “அபூ ரபாபை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்? பொண்ணோட தாய்மாமன் டாக்டரு, உயரமா இருக்காரு, அவரே இறக்கி ஒப்படைக்கட்டுமே. போட்டோவும் நல்லா வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான், எனக்கு முதுகு வலித்தது அதுவரை. அதற்குப் பிறகு வலித்தது வேறு இடம். ரபாப் வந்து தரையில் உட்கார்ந்தாள். கவிழ்ந்து படுத்திருக்கிறவனின் முகத்தைப் பார்க்க வேறு வழியில்லை. “மாமா வேண்டாம். நீங்க குனிஞ்சுக்கிட்டே வந்தாலும் நீங்கதான் வரணும். வேணும்னா நானும் கூடவே குனிஞ்சு வர்றேன், யாருக்கும் வித்தியாசம் தெரியாது” என்றாள். ஊரிலேயே அதிக விலைக்கு வாடகை பேசிய உடுப்பைப் போட்டுக்கொண்டு என் மகள் எனக்காகக் கூன் போட்டு இருபத்திரண்டு படி இறங்கி வருவதை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கே ஸீவா பாலைவனத்துக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் மாசத்தில் ஸீவா மணலில் புதைத்து எடுத்தால் எழுந்திருக்காத முதுகே கிடையாது என்பது தங்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்ததுதான். பஸ்ஸின் கடைசி இருக்கையில் குறுக்கே படுத்துக்கொண்டு போனேன், மத்ரூஹ் ஊரைத் தாண்டிய பிறகு ரோட்டில் எத்தனை பள்ளம் என்று என்னைக் கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அங்கே ஷேக் மஷ்ரி. வெயிலில் காய்ந்த பேரீச்சம்பழம் மாதிரி மனிதர், பேச்சும் அதே அளவுதான். “இதுல புதைச்சவங்க எத்தனை பேரு எந்திரிச்சு நடந்தாங்க ஷேக்?” என்று கேட்டேன். “எல்லாரும் நடந்தாங்க. சூடு தாங்காதவங்க ஓடினாங்க” என்றார். காலையில் இரண்டு குழி வெட்டினார்கள். ஒன்று எனக்கு. இன்னொன்றில் ஆட்டுத் தொடையைப் பானையில் போட்டு மூடித் தணலோடு புதைத்தார்கள், பகல் சாப்பாட்டுக்கு. நடுப்பகலில் என்னை இடுப்புத் துணியோடு இறக்கி, கழுத்து வரை மணலை வாரிப் போட்டு, தலைக்கு மேல் ஒரு குடையை நட்டுவிட்டு, இரண்டு குழியையும் ஒரே மண்வெட்டியால் ஒரே மாதிரி தட்டிவிட்டார்கள். “எதை முதல்ல எடுப்பீங்க ஷேக்?” என்றேன். “எது முதல்ல வேகுதோ அதை” என்றார்.

பதினைந்து நிமிஷம். அதற்குள் நான் பார்சல் ஆபீசில் செய்த தப்பையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்து மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டேன். வெளியே எடுத்து மூன்று கம்பளியில் சுருட்டிக் கூடாரத்துக்குள் போட்டார்கள். குளிக்கக் கூடாது, விசிறக் கூடாது, குளிர்ந்த தண்ணீர்ப் பானையைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது. வியர்வை போக வேண்டுமாம், வலி அதோடு கிளம்பிவிடுமாம். குடிக்கச் சூடான வெந்தயத் தண்ணீர் மட்டும். அதை ஷேக்கின் வீட்டார் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள், ஆனால் இன்ஸாஃப் விடவில்லை. வீட்டில் எப்படிக் காலையும் ராத்திரியும் தன் கையாலேயே கலக்கிக் கொடுத்தாளோ அங்கேயும் அப்படியே கொடுத்தாள். கசக்கும். அடியில் வெள்ளையாய் ஏதோ படியும். கேட்டால், “நல்ல வெந்தயம் அப்படித்தான் இருக்கும், பேசாமக் குடிங்க” என்பாள். இப்படி மூன்று நாள் புதைத்தார்கள், மூன்று நாள் சுருட்டினார்கள். ஏழாம் நாள் காலை, மச்சான், நான் எழுந்தேன். யாரும் பிடிக்கவில்லை. கூடார வாசல் வரை ஏழெட்டு அடி நடந்து, வெளியே நின்ற பேரீச்சை மரத்தை நேருக்கு நேர் பார்த்தேன். மூன்று வாரமாகச் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு மரத்தின் உச்சி தெரிவது என்ன விஷயம் என்பது தங்கள் படிப்பில் வராது. “மணலோட வேலை” என்றார் ஷேக் மஷ்ரி. “மணலேதான்” என்றேன் நான். இன்ஸாஃப் கூடாரத்துக் கூரையில் என்னத்தையோ தேடிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மண்டபத்துக்குப் போய் அந்த இருபத்திரண்டு படியையும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன். ஆகவே மச்சான், இயற்கை என்று ஒன்று இருக்கிறது, தங்கள் மாத்திரை ஒன்றுகூட இல்லாமல் ஒரு மனிதன் நிமிர முடியும் என்பதற்கு நானே சாட்சி. சத்தியமும் காப்பாற்றப்பட்டது, தங்கள் தங்கையும் எனக்கே இருக்கிறாள். தாங்கள் படித்தவர், நான் பார்சல் சீட்டு எழுதியவன், இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் தாங்கள் என்னிடம் கற்றுக்கொண்டால் குறைந்துபோக மாட்டீர்கள்.

அண்ணிக்கு எங்கள் ஸலாம். பிள்ளைகளின் நெற்றியில் எங்கள் சார்பில் முத்தம். தங்கள் தாயார் அடங்கிய கப்ருக்குப் போகும்போது அவர் மகளை நான் இன்னும் நன்றாகவே வைத்திருப்பதாகச் சொல்லுங்கள். எல்லோரையும் அல்லாஹ் நிமிர்ந்த முதுகோடு வைத்திருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஷஹாத்தா
(நின்றபடி)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பெருமைக்காக இதை இன்ஸாஃபுக்குப் படித்துக் காட்டினேன். வெந்தயம் வந்த இடத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள். முடிவு வரை கேட்டாள். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கிழிச்சுப் போட்டுருங்க” என்றாள். ஏன் என்றேன். “எப்படியும் அண்ணனுக்குத்தானே போவுது. இன்னும் ரெண்டு அட்டை அனுப்பச் சொல்லி ஒரு வரி சேத்துருங்க, நாளையோட தீந்துபோவுது” என்றாள். என்ன அட்டை என்று கேட்டேன். அவள் முக்காட்டு முடிச்சைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். படிக்கட்டில் விழுந்த மறுநாளிலிருந்து, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, உலக்கையால் இடித்து வெந்தயத்தில். அதுவும் யார் சொல்லி? அன்று ராத்திரியே அவளுக்குப் போன் போட்டு, வெந்தயக் கசப்பில் எதுவும் தெரியாது என்று சொல்லிக் கொடுத்தது தாங்களாம். அப்படியானால் மேலே நான் எழுதியதை எல்லாம் தாங்கள் ஆரம்பத்திலிருந்தே சிரித்துக்கொண்டுதான் படித்திருப்பீர்கள்.

“அடிப்பாவி, சத்தியம்? நாலு வாரமா நாம யாரு?” என்றேன். “நான் என்ன விவரம் கெட்டவளா? மறுநாளே நம்ம பள்ளி இமாமைக் கேட்டுட்டுத்தான் முதல் மாத்திரையை இடிச்சேன். தெரியாம உள்ள போனா சத்தியம் பிடிக்காதாம். தெரிஞ்சே முழுங்கினாத்தான் வில்லங்கமாம்” என்றாள். மூச்சு வந்தது. பிறகுதான் தோன்றியது. “இன்ஸாஃப், இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே” என்றேன். “ஆமால்ல” என்றாள் அவள். வியாழக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கிறது. மகளை ஒப்படைக்க முதுகு வேண்டும், முதுகுக்கு மாத்திரை வேண்டும், மாத்திரையை விழுங்கினால் ‘ஷஹாத்தா தம்பதியர்’ என்று அச்சடித்த அழைப்பிதழைத் திருத்த வேண்டும். கடைசியில் அவளே வழி சொன்னாள். “ஒரு நாள் வெறும் வெந்தயம் தருவேன், ஒரு நாள் வேற மாதிரி தருவேன். எந்த நாள் எதுன்னு நீங்க கேக்காதீங்க, நான் சொல்லலே.”

ஆகவே மச்சான், அங்கிருந்து இங்கே வரும் மினிபஸ் டிரைவரிடம் தங்கள் தங்கை பெயருக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வளையலாக இருக்கலாம். தெரியாது என்பதை எத்தனை சாட்சி வைத்தும் சொல்லத் தயார். கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, ஃபிரிட்ஜ் மேல் வைத்து நின்றபடி எழுதியது, நின்றபடி எழுதியதற்குக் காரணம் இன்னும் உட்கார முடியவில்லை என்பதுதான்.

இன்னொன்று. மெத்வல்லி சொன்ன அந்தப் பெரிய இடம் எது என்பதையும் இன்ஸாஃப் இதே மூச்சில் சொல்லிவிட்டாள். பெருநாளிலிருந்து தங்களுக்கும் இடுப்பில் பிடித்திருக்கிறதாமே. அண்ணிதான் தேய்த்துவிடுகிறாராமே. சாம்பல் சூட்டைச் சலவைக்குப் போட்டது எந்த வாசனை போக என்று இப்போது புரிகிறது. இங்கே பாதி ஜாடியில் தீக்கோழிக் கொழுப்பு இன்னும் நாலு விரற்கடை மிச்சமிருக்கிறது, அதே டிரைவர் திரும்பி வரும்போது கொடுத்தனுப்புகிறேன். முட்டைகோஸ் விஷயத்தை நான் மறந்துவிட்டேன், தாங்களும் மறந்துவிடுங்கள். வியாழக்கிழமை முதல் வரிசையெல்லாம் வேண்டாம், நான் ரபாபைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது எனக்கு ஒரு படி பின்னால் வாருங்கள். நானும் அன்று கொஞ்சம் தேய்த்துக்கொள்கிறேன், இரண்டு பேரும் ஒரே வாசனையாக இருந்தால் அது யார்மேல் என்று ஹஜ்ஜாவால் கண்டுபிடிக்க முடியாது. இவர் எதனால் நிமிர்ந்தார் என்று யாராவது தங்களைக் கேட்டால், டாக்டர் என்கிற முறையில், மணல் என்று சொல்லிவிடுங்கள்.